பெட்டி கேஸும் ஒரு ‘இல்லை’யும்

அரசாங்க வேலை கிடைச்சவன் யோக்கியன்தானான்னு ஊர்ல விசாரிச்சு எழுதுற ஏட்டு வேலை இருக்கே, அதுல கெட்டவனைவிட நல்லவன்கிட்டதான் தலைவலி ஜாஸ்தி. ஃபாரம் எழுதிட்டுப் போலீஸ் விசாரணைக்குக் காத்துக் கிடந்தவங்களே, உங்களுக்கு இது புரியும். எண்பதுகள்ல செஞ்சிப் பக்கம் எனக்கு அதான் பொழப்பு.

பக்கத்து வீட்டம்மா

வல்லத்து ஏழுமலைக்கு ராணுவத் துப்பாக்கி செய்யுற தொழிற்சாலையில வேலை. ரகசியம் காக்குற இடம். எங்க ரிப்போர்ட் போனாதான் உள்ளே விடுவாங்க. பக்கத்து வீட்டம்மா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சிக்கிட்டிருந்தாங்க. “பையன் மேல பெட்டி கேஸ் எதுனா உண்டாம்மா?”ன்னேன். சின்னக் குத்தத்துக்கு ஸ்டேஷன்ல நாங்க சொல்ற பேரு அது. அந்தம்மா முறைச்சாங்க.

“பொட்டி திருடுனானா? அவங்க வூட்ல துணியே கொடியிலதான் கெடக்குது ஏட்டய்யா, திருடியாந்து அதுல இன்னாத்த வைப்பான்?”

கட்டத்துல ஒரு வார்த்தை

சிரிச்சிக்கிட்டே வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினா, சிரிப்பு போயிடுச்சு. நாலு வருசம் முன்னால, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துல ஸ்பெஷல் பஸ் கண்டக்டரை அடிச்சிருக்கான். கோர்ட்டுல ஒத்துக்கிட்டு அபராதமும் கட்டியிருக்கான். ஃபாரத்துல ‘தண்டனை உண்டா?’ங்கிற கட்டத்துல ‘இல்லை’ன்னு எழுதியிருந்தான். அடிச்சதைக்கூட மேலே மன்னிப்பாங்க. மறைச்சா வேலை போச்சு. கூப்பிட்டு வச்சு, “பொய் எழுத எவன்டா சொன்னான்?”னு சத்தம் போட்டேன். அவன் தலை நிமிரலை.

“பெட்டி கேஸ்தான்டா, ஒத்துக்கோ, கட்டிட்டா அதோட தீந்துச்சுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. தீந்து போனதை இன்னான்னு எழுதறது?”

கையெழுத்து

அமாவாசைக்கு அமாவாசை கோயில் பந்தோபஸ்துல எத்தனையோ பேரைப் பிடிச்சு அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். முகம் எங்க நினைப்பிருக்கும்? ஆனா வார்த்தை என்னோடதுதான். அவனை உட்கார வச்சு, அடிதடி, அபராதம் ஒண்ணு விடாம விளக்கக் கடிதம் எழுத வச்சேன். அதுக்கப்புறம் அவன் மேல ஒரு புகாரும் இல்லைன்னு நான் எழுதினேன். தப்பா சொல்லிக் குடுத்தது நான்தான்னும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் ரெண்டு தடவை படிச்சாரு.

“ஏன்யா, விசாரணை அவன் மேலயா, உன் மேலயா?”

ரெண்டு மாசத்துல ரெண்டு தபால் வந்துச்சு, அவனுக்கு வேலை உத்தரவு, எனக்கு மெமோ. சர்க்கார்ல உண்மையைச் சொன்னா யாராவது ஒருத்தருக்கு நல்லது நடக்காம போகாது.