மூங்கில் கூடையின் உச்சியில்

ஹிஞ்சேவாடி ஃப்ளாட்டில் இன்று டிரையரைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூடான பருத்தி வாசம், எப்போதோ இடித்துத் தள்ளிவிட்ட, நான் வளர்ந்த தாபோடி குவார்ட்டர்ஸுக்கு என்னை இழுத்துப்போனது. "யாராவது பாத்துடப் போறாங்கடி" என்று அம்மா துண்டுக்கடியில் ஒளித்துக் காயப்போடும் உள்ளாடைகள் மழைக்காலம் முழுக்கக் காயாமல் நாறும். சித்தி என்ற பொருளில் நாங்கள் காக்கு என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராட்டியப் பெண்மணிதான் கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோருடையதையும் அதன்மேல் விரித்துப் போடுவார். ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்க முடியாத அந்தச் சமையலறையில் அவை கூச்சமில்லாமல் ஆவிவிட்டுக் காயும். ஒரு பள்ளிக்கூடக் காலையில், என் முதல் பிராவைக் காட்டக் கூசி முதுகுக்குப் பின்னால் ஈரத்தோடு பிடித்திருந்தேன். "லாஜ் கசலி?" என்ன வெட்கம் என்று மராத்தியில் அதட்டிய காக்கு, அதைப் பிடுங்கிக் கூடையின் உச்சியில், தன்னுடையதற்கும் அம்மாவுடையதற்கும் நடுவில் விரித்தார். காய்ந்த சூடு ஆறுமுன் அதை அணிந்து கிளம்பினேன். அன்று பள்ளிவரை மழை கொட்டியது. எனக்குக் குளிரவேயில்லை.