மகளிர் பெட்டியில் மோகனம்

தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலேறிப் பல்கலைக்கழகத்தில் இசை படித்த பியூலாவுக்கு, 1986-இல் ஒரே ஒரு கஷ்டம். வீட்டில் தனியாகப் பாடினால் குரல் குழைந்து வரும். நாலு பேர் எதிரில் உட்கார்ந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். கச்சேரி செய்து பிழைக்க நினைத்தவள் அவள்.

தேர்வு நெருங்கிய ஒரு காலையில், மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் பூக்கூடையோடு இருந்த கன்னியம்மா விடவில்லை.

"இன்னாம்மா, உனக்குள்ளயே பாடிக்கினு கீறே? எங்களுக்கும் கேக்கட்டுமே."

"கூச்சமா இருக்குக்கா."

"நாங்க இன்னா மார்க்கா போடப் போறோம்? பாடும்மா!"

பெட்டியே சிரித்தது. பியூலாவும் சிரித்துவிட்டு மோகனத்தை எடுத்தாள். ரயில் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று வாய்விட்டுப் பாடினாள். மறுநாளும் கேட்டார்கள். அப்புறம் தினமும் பாட்டுதான்.

தேர்வன்று அவள் குரலெடுத்ததும் தேர்வாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மெதுவாவே பாடலாம்மா, பக்கத்துலதானே இருக்கோம்."

"சாரி சார், ட்ரெயின்ல பாடிப் பாடிப் பழகிடுச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பியூலா குரலைத் தணித்து, நடுக்கமில்லாமல் பாடி முடித்தாள். முதல் வகுப்பு கிடைத்தது. தொண்ணூறுகளில் குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துச் சபாக்களில் அவள் கச்சேரிக்குக் கூட்டம் வந்தது. பாட்டே அவளுக்குச் சோறு போட்டது.