மாவு தாண்டிய எல்லை

எங்கள் வீட்டில் காலண்டரின் சிவப்பு எழுத்துக்கு மதிப்பே கிடையாது. பட்டாளத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போதுதான் தீபாவளி. ஒரு தடவை சித்திரை வெயிலில் பொங்கல் வைத்தோம்.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் நர்ஸ். லீவு நாட்களில் கண் முகாம், ரத்ததான முகாம் என்று ஆள் திரட்டிக்கொண்டு அலைவேன். "நர்சம்மாவுக்கு லீவு அன்னைக்கித்தான் டூட்டி" என்று ஊரில் சொல்வார்கள். இவர் வந்தால் இவரையும் இழுத்துவிடுவேன். "பார்டர்லயாச்சும் சாயங்காலமானா மாத்தி விட ஆள் வரும்" என்று முனகிக்கொண்டே வருவார்.

அந்த ஊரில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஆத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பூசாரி தினமும் அங்கேதான் சாப்பிடுவார். "இட்லி எலையில, சாம்பாரு வேட்டியில" என்பார். அதோடு விடுகிற ஆளா ஆத்தா? "அம்மனுக்கு அபிசேகம் பண்றவருக்கு நான் பண்ணக் கூடாதா?" என்று கேட்கும்.

திருப்பூரில் இருக்கும் மகன் கறாராகச் சொல்லிவிட்டான்: திருவிழாவுக்கு வரும்போது கண் சரியாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கடையைப் பூட்டி அழைத்துப்போய்விடுவான். "அங்க போயி ரூமுக்குள்ள ஒக்காந்து டிவியக் காதால கேக்கவா?" என்று ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டது. அதற்காகவே முகாமுக்கு அலைந்தேன். திருச்சி ஆஸ்பத்திரி வேன் திங்கள் காலை வருவதாக முடிவானது. ஆத்தாவையும் சேர்த்து அரை டஜன் பேர் ஆபரேஷனுக்குத் தயார்.

அதற்குப் பிறகு ஊர்க்கூட்டம் கூடி, ஞாயிறு சாயங்காலமே அம்மனுக்குக் காப்புக் கட்டுவது என்று சொல்லிவிட்டார்கள். காப்புக் கட்டிய பிறகு ஊருக்குள் இருப்பவர் திருவிழா முடியும்வரை வெளியே ராத்தங்கக் கூடாது. வேனை விட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

வீட்டுக்காரர் கேட்டார்: "காப்புக் கட்டுறப்ப ஊருலயே இல்லாதவுகளுக்கு?"

"அவுகளக் காப்பு கட்டுப்படுத்தாது."

"அப்ப முன்னாடியே கெளப்பிருவோம்."

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் ராத்தங்க வைத்து, அங்கிருந்தே வேனில் ஏற்றுவது என்று திட்டம். ஞாயிறு மதியமே மஞ்சள் பையும் கையுமாக எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்தார். "வரிசை கலையக் கூடாது!" என்றார். "கலையிறதுக்கு எங்கிட்டு வரிசை இருக்குன்னு தெரியணுமே மாப்ள" என்றது ஆத்தா.

எல்லையில் வாய்க்கால் பாலம். அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். கை பிடித்து மெல்ல நடத்தி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. எல்லாரும் தாண்டிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் ஆத்தாவைக் காணோம். கடையில் ஆட்டி வைத்த மாவு புளித்துப்போகும் என்று திரும்பிவிட்டதாம். இவர் ஓடினார். நான் பஸ் ஸ்டாப் பக்கம் நின்று தவித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். மாவுத் தூக்கின் வளையத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்திருந்தார்கள். இவர் முன்னால், ஆத்தா பின்னால். இவர் கால் பாலத்தைத் தாண்டியது, தூக்கும் தாண்டியது, ஆத்தா இன்னும் பாலத்தின் மேல். அப்போது கோயிலில் காப்புக் கட்டுகிற கொட்டு முழங்கியது.

பின்னாலேயே வந்த ஊர்க்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். பாலம் உள்ளேதான் என்றது ஒன்று, பாலம் அரசாங்கத்துது என்றது இன்னொன்று. ஆத்தா அசையாமல் நின்றது. சாமி விஷயத்தில் அது ஏமாற்றாது. "பூசாரி சொல்லட்டும். இருன்னா இருந்துக்கிறேன்" என்றது.

காப்பைக் கட்டி முடித்து, கையில் மஞ்சளோடு பூசாரி வந்தார். பாலத்தைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். பிறகு தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். காலைச் சாம்பார் இன்னும் காயாத மாதிரி பளிச்சென்று இருந்தது.

"இவ உசுரு எங்க இருக்கு? அந்த மாவுலதான. மாவு கொட்டுக்கு முந்தியே எல்லை தாண்டிருச்சு. ஆளு அது பின்னாடி போகட்டும்."

இரண்டு கட்சியும் விலகி வழிவிட்டன. எல்லார் வேட்டியிலும் ஏதோ ஒரு நாளின் கறை இருந்திருக்கும்.

அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பில் அந்த மாவைத்தான் ஊற்றினோம். மறுநாள் போய் ஒரு கண்ணில் ஆபரேஷன் முடித்துவந்தார்கள். கட்டைப் பிரித்தபோது ஆத்தா முதலில் பார்த்தது என் வீட்டுக்காரரை. "இம்புட்டுத்தானா நீங்க? சத்தத்தக் கேட்டு ஆறடின்னுல்ல நெனச்சேன்!" இவர் லீவு முடியும்வரை நிமிர்ந்தே நடந்தார்.

திருவிழாவுக்கு மகன் வந்தான், பையில் அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடை வாசலில் இருந்த ஆத்தா அவனைக் கிட்டே இழுத்துத் தலையைத் தடவியது.

"ஏன்டா, காதோரமெல்லாம் வெளுத்துருச்சே. சோறு தண்ணி ஒழுங்காத் திங்கிறியா இல்லியா? நீ வேணா இங்கிட்டு வந்துரு, நான் பாத்துக்கிறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சொட்டு மருந்து பாட்டிலைத் தேடுவதுபோல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அவன் பக்கத்து சீட்டில் பலகாரப் பைதான் உட்கார்ந்து போனது.