கட்டக்காரம்மா போட்ட பதினேழு புகார்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் கட்டக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். முப்பத்திரண்டு வருடம் ரயில் முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்தவர். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போதும், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சந்து வழியாகத் திருப்பித் தள்ளிவிடுவார். பின்னால் எத்தனை பேர் நின்று முணுமுணுத்தாலும் அசைய மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு திருப்பித் தள்ள ஒரு படிவமும் இல்லாமல் அவருக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்து வைக்க வந்து சேர்ந்தவர்தான் கம்பளிக்காரர்.

ஊர் கண்மண் தெரியாமல் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. முனையில் சிக்னல் போட்டார்கள். சிக்னல் வந்ததும் வண்டி நின்றது, வண்டி நின்றதும் கை நீட்ட ஆள் வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு ஐந்து பேர். அதில் நிரந்தரமாகத் தங்கியவர் கம்பளிக்காரர் ஒருவர்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடது காலைக் கெடுத்துக்கொண்டவர். கட்டக்காரம்மா வீட்டுக்கு எதிரே மூடிக் கிடந்த செருப்புக்கடைப் படியில், ஒரு பச்சைக் கம்பளியோடும் நாலு மூட்டையோடும் குடியேறிவிட்டார்.

கட்டக்காரம்மாவின் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த மூட்டைகளைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்கி நடந்தபோதுதான் ஒரு ஸ்கூட்டர் அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. காய்கறிப் பையோடு திரும்பும்போது யாராவது முந்தானைப் பக்கம் கை நீட்டினால் அவருக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் அதைப் போய் நாலு பேரிடம் புலம்புகிற ஆள் இல்லை அவர். பேனாவை எடுத்தார்.

மூன்று வருடத்தில் பதினேழு புகார். ஒவ்வொன்றுக்கும் வார்டு அலுவலகத்தில் முத்திரை வாங்கிய நகல், தேதி வரிசையில், நீல நிற ஃபைலில். புகார் போனால் இரண்டு ஆள் வந்து கம்பளிக்காரரை எழுப்பி விடுவார்கள். "ரெண்டாவது மாடியம்மா மறுபடி எழுதிட்டாங்கப்பா" என்று காரணமும் சொல்வார்கள். மூன்றாம் நாள் அவர் அதே படியில் இருப்பார். கட்டக்காரம்மாவும் அடுத்த தாளை எடுப்பார்.

கட்டக்காரம்மாவின் கணவர் பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் போரில் அவர் எந்தப் பக்கமும் இல்லை. "எதுக்கும்மா உனக்கு இந்த வேலை?" என்று வருடத்துக்கு ஒரு தடவை கேட்பார். பதில் வருவதற்குள் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் கம்பளிக்காரர். இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, என் மேல நீங்க போட்ட புகாரெல்லாம் வேணும்."

"எதுக்கு? கோர்ட்டுக்கா?"

"இல்லம்மா. ரூம் தராங்க."

விஷயம் இதுதான். வீடில்லாதவர்களுக்கென்று நகராட்சி ஒரு கட்டடம் கட்டியிருந்தது. ஆளுக்கு ஓர் அறை. ஆனால் அதே வார்டில் மூன்று வருடம் குடியிருந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வேண்டும். வீடே இல்லாதவனிடம் குடியிருந்த அத்தாட்சி கேட்கலாம் என்று எந்த மகானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது. அடுத்த வாரம் செருப்புக்கடையை இடிக்கப் போகிறார்கள். மழைக்காலமும் வந்துவிட்டது. அந்தப் படியும் போனால், கெட்டுப்போன காலோடு அவர் எங்கே போவார்?

"இந்த ஊர்ல என்னைப் பத்தி எழுதி முத்திரை குத்தி வச்சிருக்கிறது நீங்க மட்டும்தாம்மா" என்றார் கம்பளிக்காரர். அதில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே நன்றியோடுதான் சொன்னார். அதனால்தான் கட்டக்காரம்மாவுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ஃபைலை எடுத்துக்கொண்டு, "நகல் வெளிய போகக் கூடாது. நானே வரேன்" என்று செருப்பை மாட்டினார். கணவரும் பின்னால் வந்தார்.

காத்திருந்து முறை வந்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. வார்டு குமாஸ்தா ஃபைலைப் புரட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"எல்லாத்துலயும் 'அடையாளம் தெரியாத நபர்'னு போட்டிருக்கீங்களேம்மா. அது இவர்தான்னு நான் எப்படி நம்புறது?"

கட்டக்காரம்மாவுக்குச் சுரீரென்றது. பதினேழு தடவை பெயர்க் கட்டத்தை அப்படி நிரப்பியது சாட்சாத் அவர்தான்.

"அடையாளம் உள்ளே விவரமா இருக்கு. படிச்சுப் பாருங்க."

குமாஸ்தா உரக்கப் படித்தார். "இடது காலைத் தாங்கி நடப்பவர்." கம்பளிக்காரர் எழுந்து நாலடி நடந்து காட்டினார். "புருவத்தின் மேல் தழும்பு." காட்டினார். "பார்க்கவே அருவருப்பூட்டும் தோற்றம் கொண்ட…"

குமாஸ்தா நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கம்பளிக்காரர் பொறுமையாக, "அது அந்த மழை சமயத்துல சார். குளிக்க வழியில்ல" என்றார். கட்டக்காரம்மாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு மனுஷனை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு வாசிக்கிற வாசகமா இது என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"பழுப்பு நிற ஸ்வெட்டர், முழங்கையில் சதுர ஒட்டு."

கம்பளிக்காரர் கையை நீட்டினார். கட்டக்காரம்மா முதல் தடவையாக அந்த ஒட்டைப் பக்கத்தில் பார்த்தார். அது அவரே போட்ட ஒட்டு. அவர் தையல். மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வெட்டர் பஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க?"

"வீட்ல போய்ப் பேசிக்கலாம்மா."

குமாஸ்தா அடுத்த தாளை எடுத்தார். "தினமும் மாலை நான்கு முதல் ஆறு வரை ஒரே மெட்டைச் சீட்டியடித்துக் குடியிருப்போரின் மன அமைதியைக் குலைக்கிறார். நடுவில் ஓர் இடத்தில் எப்போதும் சுதி விலகுகிறது." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க, அடிங்க பாப்போம்."

கம்பளிக்காரர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு ஆரம்பித்தார். அலுவலகம் முழுக்க வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. பாதியில் கட்டக்காரம்மா விரலைத் தூக்கி, "இப்ப விலகும் பாருங்க" என்றார். விலகியது.

"இவர்தான்! மூணு வருஷமா என் உசிர வாங்கின ஆள் இவரேதான்! எங்க வேணா கையெழுத்துப் போடறேன்!"

அவருக்கு இருந்த சந்தோஷத்தில் குமாஸ்தாவின் பேனாவையே பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தபோது மணி நாலே முக்கால்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கதவு தட்டப்பட்டது. சவரம் செய்த முகத்தோடு கம்பளிக்காரர். கம்பளி இல்லை.

"எனக்கு நாலாவது மாடி குடுத்திருக்காங்கம்மா. லிஃப்ட் ஓடி பத்து நாள் ஆச்சு. இந்தக் காலை வச்சுக்கிட்டு எத்தனை தடவை ஏறி இறங்குறது? ஒரு புகார் எழுதிக் குடுங்க."

கட்டக்காரம்மா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். பெயர் கேட்டார், அறை எண் கேட்டார், விறுவிறுவென்று எழுதி வாசித்துக் காட்டினார். "கீழே கையெழுத்திட்டுள்ள குடியிருப்பாளராகிய நான்…"

"யாரும்மா குடியிருப்பாளர்?"

"நீங்கதான். வேற யாரு?"

கம்பளிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கட்டக்காரம்மா வாசித்தார். பிறகு கம்பளிக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"காரம் பத்தலையேம்மா. என்னைப் பத்தி எழுதினப்போ இதைவிட நல்லா எழுதினீங்களே."

கட்டக்காரம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.