போஸ்டருக்கு ஆள் வந்த விதம்

அரசு பஸ் ஓட்டுநர்கள் ஸ்ட்ரைக் செய்யலாம் என்பது என் கட்சி. கூடவே கூடாது என்பார் எங்கள் அச்சக முதலாளி. ஆனாலும் அவர்களுக்குப் போஸ்டர் அடித்துக் கொடுப்பது திருத்தங்கலில் நாங்கள்தான்.

ஸ்ட்ரைக்கின் முதல் நாள், மறுநாள் கூட்டத்துக்கான போஸ்டரை வாங்க ஓர் ஓட்டுநர் வந்தார். நான் போட்ட அச்சு பிளேட் தயார், பேப்பர் தயார், மை தயார். மெஷின் ஓட்டும் அண்ணன்தான் வரவில்லை.

"பஸ் ஓடுனாத்தான ஆமத்தூர்ல இருந்து ஆள் வரும்?" என்றார் முதலாளி, சந்தோஷத்தை மறைக்காமல்.

ஓட்டுநர் பைக்கில் போய் அண்ணனை ஏற்றி வந்தார். அண்ணன் நிதானமாக இறங்கினார்.

"இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தான் எங்க ஸ்டாப்புல நிறுத்தி ஏத்தியிருக்கீக. அடிக்கடி ஸ்ட்ரைக் பண்ணுங்கண்ணே" என்றார்.

என் கட்சிக்கு ஓர் ஆள் கூடியது.