கறுப்பு மண் நிரப்பிய நத்தார்ப் பெட்டி

பரிசின் பெறுமதி அது வரும் பெட்டியின் அளவில்தான் இருக்கிறது என்று ஒரு காலத்தில் நான் மனப்பூர்வமாக நம்பினேன். சிரிக்காதீர்கள். இதைவிட மோசமானவற்றையெல்லாம் நம்பி நாங்கள் வாக்குப் போட்டிருக்கிறோம். பெட்டி பெரிதாக இருந்தால், பெரிய பரிசு கிடைத்ததென்று பிள்ளை நினைக்கும். பார்த்திருக்கும் சனமும் அப்படியே நினைக்கும். உள்ளே இருப்பது வெளியே வருகிற நேரம் எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டில் இருப்பார்கள். இப்படி ஒரு தத்துவத்தை நானே கண்டுபிடித்து, அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டும் திரிந்தேன்.

போன கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பட்டினத்துக் கடையொன்றில் கோப்பை வாங்கினேன். காசு வாங்கிய பிள்ளை, "அங்கிள், பெட்டி வேணுமோ? அது தனி விலை" என்றது. வெறும் பெட்டி. உள்ளே காற்று, மேலே றிபன். விலையோ கோப்பையின் விலையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைக் கையில் எடுத்து மூக்கடிக்குக் கொண்டுபோனேன். புது மட்டையின் மணம். கொஞ்சம் பசை, கொஞ்சம் மரத்தூள், எங்கோ ஒரு ஈரம். அந்தப் பிள்ளை பயந்துபோய், "அதுக்குள்ள ஒண்டும் இல்லை அங்கிள்" என்றது.

"தெரியும் பிள்ளை. அந்த விசயத்தில எனக்கு நல்ல அனுபவம்" என்றேன்.

அந்த மணத்துக்குள்தான் நான் உத்தியோகம் பார்க்கத் தொடங்கினேன். துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் கிளாக்கர். கப்பலில் வரும் சாமான்கள் என் மேசையடிக்குப் பெட்டியோடு வரும், பெட்டியில்லாமல் போகும். மிஞ்சுகிற வெறும் பெட்டிகளுக்கு நானே அதிபதி. வருடம் முழுவதும் ஒரு நாய் கூட என்னைத் திரும்பிப் பார்க்காது. மார்கழி பிறந்தால் மட்டும் என் செல்வாக்கு அரசாங்க அதிபருக்கே இருக்காது.

காரணம் எங்கள் நலன்புரிச் சங்கம். ஒவ்வொரு நத்தாருக்கும், யேசு பிறந்த நாளென்று, சங்க மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விழா வைப்பார்கள். தொழிலாளர், உத்தியோகத்தர், வேதக்காரர், சைவக்காரர், கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் முஸ்லிம் ஆட்கள் என்று எல்லோருடைய பிள்ளைகளும் வரும். எங்கள் நத்தார் தாத்தா சமயம் பார்ப்பதில்லை. பரிசைத் தாய் தகப்பனே வாங்கி, பெயர் ஒட்டி, முன்கூட்டியே சங்கத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். விழாவன்று தாத்தா மேடையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தான் சொந்தச் செலவில் வாங்கி வந்தது போல எடுத்துக் கொடுப்பார். காசு எங்களுடையது, பேர் அவருடையது. அரசாங்கங்கள் பின்னாளில் படித்துக்கொண்டதை எங்கள் சங்கம் அப்போதே செய்து முடித்துவிட்டது.

வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வராத காலம் அது. பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, புடவைக்கு வரிசை. விளையாட்டுச் சாமானுக்கு மட்டும் வரிசை இல்லை, ஏனென்றால் சாமானே இல்லை. தகர ஊதி, றப்பர் பந்து, பிறகு உள்ளூரில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மை. அந்தப் பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சு. எல்லாவற்றின் முகத்திலும், விலையைக் கேட்ட தகப்பனின் முகத்தில் வருகிற அதே திகைப்பு.

நான் சொல்லப்போகிற நத்தாருக்கு முந்திய வருடம் என் மகள் ஜெசிக்கு ஐந்து வயது. நான் வாங்கியது தலைக்குக் கட்டுகிற றிபன், ஒரு பென்சில். பொட்டலம் என் உள்ளங்கையளவு. தாத்தா வேசம் போடுகிற அந்தோனிப்பிள்ளை அண்ணர் மற்ற நாட்களில் கிரேன் ஓட்டுகிறவர். தொன் கணக்கில் தூக்கிப் பழகிய கை, என் பொட்டலத்தைச் சாக்குக்குள் தேடிக் களைத்தது. "ஜெசிந்தா, உன்ர பரிசு எங்க ஒளிச்சிருக்கு மோளே?" என்று மைக்கில் கேட்டார். சபை சிரித்தது. அவளுக்கு அடுத்துக் கூப்பிட்டது மனேஜருடைய மகனை. அவனுக்கு வந்த பெட்டிக்குள் நானும் மனிசியும் குடித்தனம் நடத்தலாம்.

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் பாரில் இருந்தபடி ஜெசி கேட்டாள். "அப்பா, நத்தார் தாத்தாவுக்கு என்னைப் பிடிக்காதோ?"

"பிடிக்கும் மோளே. அவருக்குக் கண் பார்வை குறைவு. சின்னப் பிள்ளையள் வடிவாத் தெரியாது."

பதில் கெட்டித்தனமானதுதான். ஆனால் அந்த வருடம் முழுவதும் அந்தக் கேள்வி எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன் முள். அடுத்த நத்தாருக்கு இவள் மேடையில் சின்னதாய் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். முடிவெடுக்கக் காசு தேவையில்லை.

மார்கழி வந்தது. என் களஞ்சிய வாசலில் வெறும் பெட்டிக்கு வரிசை. என் சிநேகிதன் மஜீத் முதல் ஆளாக வந்து, "மச்சான், பெரிய பெட்டி ஒண்டு இரிக்கா?" என்றான்.

"பரிசு என்ன?"

"அத விடு. பெட்டியத் தா."

அவனுக்குப் பின்னால் நின்றவர்களிடமும் அதே கேள்வி, அதே பதில். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்திய வருடம் மேடையில் அடுக்கியிருந்த மலையில் பாதி என் களஞ்சியத்துக் காற்று. எனக்குக் கோபம் வரவில்லை. என் தத்துவத்தை இவ்வளவு பேர் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்களே என்றுதான் கவலை. உடனே, எஞ்சினுக்குப் பாகம் வந்த, இருந்ததிலேயே பெரிய பெட்டியை எனக்கென்று ஒதுக்கி வைத்தேன். அதிபதிக்கு அந்தளவு சலுகை வேண்டாமா?

பரிசு, அந்தத் திகைத்த முகப் பொம்மைகளில் ஒன்று. நடுவிரல் நீளம். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். கொட்டியாரக் குடாவில் ஒற்றைத் தோணி.

மனிசி பிலோமினா பார்த்துக்கொண்டு நின்றாள். "இஞ்சேருங்கோ, உதுக்குள்ள உந்தப் பொம்மைக்கு ஒரு பள்ளிக்கூடமும் கட்டி வைக்கலாம்."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தோனிப்பிள்ளை அண்ணருக்கு ஒரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு பெட்டியையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் குலுக்கி, "ஆ, இது ரெயில்", "இது பீங்கான்" என்று மைக்கில் சாத்திரம் சொல்லுவார். என் பெட்டியைக் குலுக்கினால் ஒற்றைப் பொம்மை சுவருக்குச் சுவர் மோதும். குலுக்க முடியாத பாரம் வேண்டும். பாரமாகவும் இருக்க வேண்டும், சும்மாவும் கிடைக்க வேண்டும்.

துறைமுகத்தில் அப்படி ஒரு பொருள் காலடியிலேயே கிடந்தது. புல்மோட்டையிலிருந்து கப்பலுக்கு வருகிற கறுப்பு மண். பார்த்தால் சாதாரணக் கடற்கரை மண்ணுக்குக் கரி பூசியது போல இருக்கும். ஒரு சிரட்டை அள்ளினால் இரும்பைத் தூக்குகிற மாதிரிக் கை கீழே போகும். ஏற்றும்போது சிந்துவதைக் கூட்டி ஒதுக்கி விடுவார்கள். அந்தக் குவியலிலிருந்து ஒரு உரப்பையில் அரைவாசி அள்ளினேன். வெளியே வரும்போது என் சைக்கிள் அழுதது. வாசல் காவலாளி, "என்ன கிளாக்கர், மனிசிக்குச் சீமெந்தோ?" என்று கேட்டார். அரசாங்கத்தின் மண் இது. பொம்மைக்காகக் கம்பி எண்ண மறியலுக்குப் போன முதல் கிளாக்கர் என்று பேப்பரில் படத்தோடு வருமென்று நினைத்தபடி வீடு வரைக்கும் நிற்காமல் மிதித்தேன்.

மண்ணைக் கொட்டி, நடுவில் பொம்மையைப் புதைத்து, மேலே தடவிச் சமப்படுத்தினேன். அடுத்த சிக்கல் பசை. மாவைக் காய்ச்சித்தான் ஒட்டவேண்டும். மாவோ வீட்டில் பவுணுக்குச் சமம்.

"றொட்டி சுட மா இல்லையெண்டு நான் அழுகிறன். நீங்கள் பெட்டிக்குத் தீத்தப் போறீங்களோ?" என்றாள் பிலோமினா.

அடுத்த பங்கீட்டு மா வரும்வரை அந்தப் பெட்டி நான் உடுத்திக் கழித்த ஒரு பழைய சாரத்தால் மூடியபடி கட்டிலுக்குக் கீழே கிடந்தது. மா வந்ததும் குசினியில் திருடன் போல நின்று பசை காய்ச்சி, மேல் மூடியை ஒட்டி, பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் ஒட்டி, பெயர் எழுதி, மழைக்கு மேலே சாக்குப் போட்டு மண்டபத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். சங்கச் செயலாளர் அதைத் தூக்கப் பார்த்து, தூக்க முடியாமல் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். என் வாழ்க்கையில் சங்கம் எனக்குத் தந்த ஒரே மரியாதை அதுதான்.

மார்கழியில் திருகோணமலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண்டபத்துக் கூரை தகரம். தகரத்தில் ஆணியைவிட ஓட்டை அதிகம். பெரிய பெட்டியென்றபடியால் என்னுடையதைத் தரையில் வைத்து, அதன் மேல் மற்றவற்றை அடுக்கியிருக்கிறார்கள். தரையில் தண்ணீர். பெட்டி மட்டை. பசை மா. இந்த மூன்றையும் கூட்டிப் பார்க்க ஒரு கிளாக்கருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

விழாவன்று முன் வரிசைக் கதிரையில் மனேஜர். மேடையில் அந்தோனிப்பிள்ளை அண்ணர், கப்பல் கொடித் துணியில் தைத்த சிவப்பு அங்கியும் ஆஸ்பத்திரிப் பஞ்சுத் தாடியுமாக. ஜெசிந்தா என்று கூப்பிட்டார். அவள் தாய் தைத்த புதுச் சட்டையோடு மேடையில் ஏறி, சட்டைப் பைக்குள் கையை வைத்துக்கொண்டு அமைதியாக நின்றாள். அண்ணர் பெட்டியைப் பார்த்தார். கிரேன்காரனின் பெருமை விடவில்லை. குனிந்து கட்டிப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

பெட்டி வந்தது. அடி வரவில்லை.

அரைச் சாக்குக் கறுப்பு மண் அவருடைய கால் மேலும் மேடை மேலும் சளாரென்று கொட்டியது. அண்ணர் அடியில்லாத பெட்டியைப் பிடித்தபடி ஜெசியைப் பார்த்தார். பிறகு மைக்கில் ஆறுதலாகச் சொன்னார். "பிள்ளை, தாத்தா உனக்குப் புல்மோட்டையையே கொண்டந்திட்டன்."

கூரை இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் முழங்காலில் நிற்கிறேன். "சேர், இது கப்பலில ஏத்தினதில்லை. சிந்தினது. கூட்டி ஒதுக்கினது" என்று மனேஜருக்கு விளக்கம் வேறு.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே" என்றார் மனேஜர்.

மகளுக்குப் பொம்மையையாவது எடுத்துக் கையில் கொடுத்துவிட்டால் மானம் கால்வாசி மிஞ்சும். இரண்டு கையாலும் மண்ணைக் கிளறினேன். மஜீத் பக்கத்தில் வந்து குந்தினான்.

"என்னத்த மச்சான் தேடுற?"

"பொம்மை."

"எவ்வளவு பெரிசு?"

நடுவிரலைக் காட்டினேன். அவன் விரலைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ட பெட்டிக்குள்ள தேங்கா உரிச்ச பொச்சு. குலுக்க வேணாமெண்டு அந்தோனியண்ணனுக்கிட்டச் சொல்லு" என்றான்.

இரண்டு பேருமாக மேடை முழுவதும் கிளறினோம். பிறகு மற்றப் பிள்ளைகளும் ஏறிக் கிளறினார்கள். பொம்மை அகப்படவில்லை. ஜெசி அசையாமல் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

அந்த மண்டபம் இன்றைக்கு இல்லை. அத்திவாரத்தில் எருக்கலை முளைத்திருக்கிறது. சங்கமும் இல்லை. அந்தோனிப்பிள்ளை அண்ணர் சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு தோணியேறிப் போனவர், எந்தக் கரையில் இறங்கினாரோ தெரியாது. மஜீத் கடைசியாகக் கிண்ணியாத் துறையில் கையசைத்தது, அதற்குப் பிறகு அவனைக் கண்டதில்லை. சைவப் பிள்ளையும் வேதப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே தாத்தாவிடம் வரிசையில் நின்று காற்றடைத்த பெட்டி வாங்கியதைச் சொன்னால், நான் பகிடி விடுகிறேன் என்கிறார்கள். வழக்கமாக விடுகிறவன்தான். இது பகிடி இல்லை.

அன்று திரும்பும் வழியில் தூறல். சைக்கிள் பாரில் ஜெசி. ஒரு மன்னிப்பைச் சொற்களாகக் கோர்க்கத் தெரியாமல் மிதித்துக்கொண்டிருந்தேன். பழைய வீதி முடக்கில் அவள் சட்டைப் பைக்குள் இருந்து எதையோ எடுத்து மழைக்கு மறைத்துப் பிடித்தாள். திகைத்த முகப் பொம்மை.

"எங்கால இது?"

"கட்டிலுக்குக் கீழ, பெட்டிக்குள்ள இருந்தது. மண்ணுக்குள்ள மூச்சு விடேலாதெல்லோ. நீங்கள் பசை காய்ச்ச முதலே எடுத்திட்டன்."

"அப்ப ஏன் மேடையில சொல்லேல்லை?"

"தாத்தாவுக்கு நீங்கள்தான் குடுத்து விடுறீங்களெண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமெல்லோ அப்பா."

செயலாளர் மரியாதையோடு பார்த்த அந்தப் பெட்டியை நான் ஒப்படைத்தபோதே, அதற்குள் மண் மட்டும்தான் இருந்தது.