தகரக் கொட்டகையில் விரிந்த குடை

கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் டிரெஸ்ஸராக மருந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் ஒரு பெரிய கிராணி இருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, எண்ணெய் வழியும் நெற்றி, கையில் குடை. துரையின் பங்களா கண்ணில் பட்டால் போதும், வெயிலோ மழையோ, குடையை மடக்கிவிடுவார். துரை லீவில் சீமைக்குக் கப்பலேறிய பிறகும் மடக்கினார். ஆளில்லாத பங்களாவுக்கு அப்படி ஒரு மரியாதை!

பங்களாத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் துரையின் குதிரைச் சேணம் இருந்தது. வேறு இடமில்லாததால், காய்ச்சலுக்கு நான் கொடுக்கும் கொயினாத் தூளும் அங்கேதான். ஈரம் புகக்கூடாதென்று கிராணி சந்து பொந்தெல்லாம் சாக்கை அடைத்துத் தார் பூசிவிட்டார். விடிந்தால் கூரைத் தகரம் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும்.

“கூரைக்குக் கீழே ரெண்டு பக்கமும் தகரத்தை வெட்டி விடுங்க கிராணியாரே. காத்து ஓடினா வேர்க்காது.”

“துரை பூட்டி வைன்னாரு. ஓட்டை போடச் சொல்லலியே. அவரு வந்து உத்தரவு குடுக்கட்டும்லா.”

“கூலிங்க இருக்கிற லயத்துல வீட்டுக்கு வீடு காய்ச்சலாக் கெடக்கு. மருந்து வீணாப் போயிருமே!”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

மறுநாள் காலை மழை. கொட்டகையைத் திறந்தால், சேணத்துக்கு மேல் அவருடைய குடை விரிந்திருந்தது. பக்கத்தில் என் கொயினாப் பொட்டலங்கள், தகரம் வியர்த்துச் சொட்டியதில் நனைந்து கூழாகியிருந்தன.

“சேணத்துல ஒரு சொட்டு படல, பாத்தீங்களா டிரெஸ்ஸரே?” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, கிராணி மழையில் நனைந்தபடி ஆபீசுக்கு நடந்தார்.

காற்று வருவதற்கே உத்தரவு கேட்ட அந்த மனிதர், யாரைக் கேட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.